எலி பஸ் ஏறாது

பங்காருபாளையம்
9 மார்ச் 2025

மூன்று மாசத்துக்கு ஓர் ஊர் என்று சட்டி பானையோடு தேசாந்தரம் போகும் என் அக்கா மகள் தரணிக்கும், மாம்பழக்கூழ் ஃபேக்டரி வேலையை உதறிவிட்டு அவள் பின்னால் குழந்தையைத் தூக்கிக்கினு நடக்கும் மாப்பிள்ளை யோகேஷுக்கும், பேத்தி ஸ்ரீஜா மகாராணிக்கும், பங்காருபாளையம் மாங்காய் மண்டித் தரகர்களின் சக்கரவர்த்தியும் இரண்டு காதும் அடைத்துப் போனவனுமாகிய தாய்மாமன் சம்பத் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் சுகமாக இருக்க வழியே இல்லை என்பதை நேற்று திருப்பதி வந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன். போனில் பேசினால் என் காதுக்குள் குளவி கூடு கட்டுகிறது. ஆகவே கடிதம்.

அது ஒரு வீடா? அந்த மாடிப் போர்ஷன் பாத்ரூம் சுவரில் பாசி ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. ரெண்டு எருமையை உள்ளே விட்டால் ஆடி மாசம் வரைக்கும் மேயும். சமையல்கட்டில் ஒரு கரப்பான் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யார்யா நீ, என்ன வேணும்?" என்கிற தோரணையில் மீசையை ஆட்டியது. முக்கு ஓட்டலில் சாம்பார் ஒரு வாய் வைத்தேன். போன வருஷத்துப் புளி, அதற்கு முந்தின வருஷத்துப் பருப்பு. உவ்வே. ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லையே என்று கேட்டால், "மே கடைசில திரும்பக் கட்டணுமே மாமா" என்கிறாய். மாப்பிள்ளை உன் யூனிபாரத்துக்கு நீலம் போட்டு உதறிக்கினு நிற்கிறார். நூறு கூலியாட்களை மேய்த்த மனுஷன்! பார்க்கச் சகிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே என் குடலைப் புரட்டியது அந்தக் கொல்லைக் குழாய். வீட்டுக்காரர் தோதாத்ரி கோயில் கைங்கரியம் செய்கிறவர், ஆசாரக்காரர், எல்லாம் சரி. அதற்காக என் அக்கா மகள் டூட்டி முடிந்து வந்தால், தட்டி மறைப்புக்குள் நின்று தலை முழுகிவிட்டுத்தான் மாடிப்படி ஏற வேண்டுமா? ஆஸ்பத்திரித் தீட்டாம்! நான் வாயைத் திறந்திருந்தால் அந்தத் தெருவே பெயர்ந்து ரேணிகுண்டா ஸ்டேஷனில் போய் விழுந்திருக்கும். உனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நீ இலை போட்டும் நான் சாப்பிடாமல் கிளம்பியது வயிற்று மந்தத்தால். வேறெதுவும் நினைக்காதே. மண்டியில் கேட்பவர்களிடம் நீ ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்ப்பதாகவே சொல்லி வருகிறேன்.

குழந்தைக்கு என் முத்தம். கரப்பானுக்கு என் கண்டனம்.
சம்பத்


திருப்பதி
17 மார்ச் 2025

மாமாவுக்கு தரணி வணக்கம். நாங்க மூணு பேரும் நல்லாருக்கோம். உங்க உடம்பு எப்படி இருக்கு? மாத்திரை ஒழுங்கா போட்டுக்கறீங்களா?

உங்க லெட்டரைப் படிச்சு யோகேஷ் விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. நம்ம ஊர்ல, உங்க வீட்டு வாசல்ல ஒரு குழாய் இருக்கே மாமா, அது யார் போட்டது? நான் நர்சிங் முடிச்சு முதல் வேலைக்குப் போன வாரம், பிளம்பரைக் கூட்டி வந்து நீங்க போட்டது. அதுக்குத் தட்டி மறைப்புகூடக் கிடையாது. யூனிபாரத்தோட நின்னு ஊத்திக்கினு வீட்டுக்குள்ள வருவேன். ஊரே அதைத் தரணி குழாய்னு பேர் வச்சு சொல்லுது. தோதாத்ரி சார் யாரோ எவரோ. அவர் வீட்டு பத்மினி மாமி இப்ப ரெண்டு வாரமா ஒரு வாளி வெந்நீர் வச்சிடுறாங்க.

மந்தம்னு எழுதியிருக்கீங்க. ஸ்ரீஜாவோட மொதல் பிறந்த நாள் பந்தியில, "பீ அள்ற கையால எனக்குச் சோறு போடாதே"ன்னு சொன்னீங்க. நாப்பது பேர் உட்கார்ந்திருந்தாங்க. அம்மா செத்தப்புறம் என்னை வளர்த்த மனுஷன் சொன்ன வார்த்தை. அன்னியிலருந்து மூணு வருஷமா, நான் சோறு போட்டா உங்களுக்கு மந்தம்தான்.

அது போகட்டும். இங்க என்னைக் கால் புண் பிரிவுல போட்டிருக்காங்க. எல்லாம் சர்க்கரைக்காரங்க. அவங்களுக்குப் பாதம் மரத்துப் போயிடும் மாமா, ஆணி ஏறினாலும் தெரியாது. நாத்தம் வந்தப்புறம்தான் வராங்க, பாதிப் பேருக்குக் காலே போயிடுது. எங்க சீனியர் சிஸ்டர், மூக்குதான் மொதல் டாக்டர்னு சொல்லுவாங்க. உங்களுக்கும் பதினோரு வருஷமா சர்க்கரை. தினமும் உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலன்னா முகம் பாக்குற கண்ணாடியைக் கீழ வச்சுப் பாருங்க.

தரணி


பங்காருபாளையம்
6 ஏப்ரல் 2025

சீழுக்கும் சலத்துக்கும் அதிபதியான தரணிக்கு, நலம் நலமறிய அவா.

உன் கடிதம் வந்தது. குழாயைப் பற்றி நீ எழுதிய பக்கத்தில் மழைத்தண்ணீர் பட்டு எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. ஒரு வரியும் படிக்க முடியவில்லை. இங்கே மழை பெய்து நாலு மாசம் ஆச்சே என்று நீ கேட்கலாம். இது வேறு மழை.

ஆனால் அந்தக் கால் புண் பக்கத்தில் மட்டும் ஒரு பொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை, என் தலையெழுத்து. கேழ்வரகுச் சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் துன்னுகினு பிரித்தேன். எதிர் வீட்டுச் செங்கமலம் கை வலிக்கக் கிண்டிக் கொடுத்த சங்கட்டி, தொண்டையில் நின்று மேலே போகவா கீழே போகவா என்று என்னையே கேட்டது. இப்படியா ஒரு பெண்பிள்ளை எழுதுவாள்? கம்ப்யூட்டர் பற்றி ஏதாவது எழுது.

உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டுமாம். நாற்பது வருஷமாக என் மூஞ்சியைப் பார்த்தே அந்தக் கண்ணாடிக்கு ரசம் போய்விட்டது. காலையும் காட்டினால் வெடித்துவிடும். சித்தூரில் புதுச் செருப்பு வாங்கியிருக்கிறேன், டயர் அடி போட்டது. லாரி ஏறினாலும் லாரிக்குத்தான் பஞ்சர். மண்டியில் சீசன் தொடங்குகிறது. உடைந்த மரப்பெட்டியும் ஆணியும் அழுகல் காயும் ஈயுமாக இனி ரெண்டு மாசம் நரகம்.

வயிறு பரவாயில்லை.
சம்பத்


திருப்பதி
27 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு யோகேஷ் எழுதறேன். எல்லாரும் சௌக்கியம். தரணி டூட்டியில இருக்கா, அவளுக்குத் தெரியாம எழுதறேன்.

தரணியை ஊர் ஊரா அனுப்புற நர்சு ஏஜென்சி, அடுத்த மூணு மாசத்துக்கு விஜயவாடா சொல்றாங்க. அங்க போனா கொஞ்ச நாள்ல பர்மனென்ட் ஆக்கிடுவாங்கன்னு பேச்சு. அப்புறம் பொட்டி கட்ற வேலை இல்ல. ஸ்ரீஜா தினமும், "நைனா, இது நம்ம வூடா, வேற யார் வூடாவதா?"ன்னு கேக்குறா. என்னத்த சொல்றது. சித்தூர்லயும் ஒரு இடம் காலி. உங்களுக்குப் பக்கம், ஆனா அது வெறும் மூணு மாசம்தான். தரணி விஜயவாடாவுக்குத்தான் தலையாட்டியிருக்கா. சித்தூர் போனா மாமாவைப் பாக்கலாமேன்னு கேட்டேன். "போய் குழாயடியில நிக்கவா?"ன்னா.

நீங்க சாப்பிடாம போனீங்களே, அன்னிக்கு அந்த இலையை அவ எடுக்கவே இல்ல மாமா. சோறு காய்ஞ்சு போச்சு. மறுநாள் நான்தான் எடுத்து மாட்டுக்கு வச்சேன். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க.

நான் துணி துவைக்கறதைப் பத்தி எழுதினீங்க. உங்க வேட்டியை அனுப்புங்க, வெள்ளைன்னா என்னன்னு காட்டறேன்.

யோகேஷ்


பங்காருபாளையம்
18 மே 2025

தரணிக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும், ஒன்பது நாள் போர்க்களத்திலிருந்து சம்பத் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன். மூக்குதான் வீரமரணம் அடைந்துவிட்டது.

என் வீட்டில் எலி செத்துவிட்டது. சாதாரண எலி இல்லை. இந்த நாற்றத்துக்கு அது கன்றுக்குட்டி சைஸில் இருந்திருக்க வேண்டும், பல்லக்கில் ஏறி ஊர்வலம் போன எலியாக இருக்க வேண்டும். முதல் நாள் பரணையைக் கவிழ்த்தேன். பாட்டன் காலத்துத் தவலை உள்பட அறுநூறு சாமான் தெருவில். எலி இல்லை. ரெண்டாம் நாள் அரிசி மூட்டை. மூன்றாம் நாள் ஆளை விட்டுக் கூரை ஓடுகளைப் பிரித்தேன். ஒரு ஓணான் என்னைத் திட்டியது, எலி இல்லை. பூனையை வேலையை விட்டு நீக்கிவிட்டேன். செங்கமலம் வீட்டுச் சாக்கடைதான் காரணம் என்று அவளோடு சண்டை. "உன் வூட்டு நாத்தத்துக்கு என் சாக்கடை அத்தர் மாதிரிய்யா!" என்று கத்தினாள். காது கேட்காதவனுக்கே கேட்டது.

வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். அங்கேயும் வந்தது. மண்டிக்குப் போனேன். அழுகின மாங்காய் மலையாகக் கொட்டிக் கிடக்கிறது, அதைத் தாண்டியும் அதே நாற்றம். தீட்டு ஏதோ பிடித்திருக்கிறது, ஒரு கும்பிடு போட்டு வரலாம் என்று காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸிலும் வந்தது! பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கினு எழுந்து போய்விட்டாள். டிரைவர் வண்டியை நிறுத்தி, "சீட்டுக்கு அடியில ஏதோ செத்துக் கிடக்கு" என்று தேடினார். நானும் இறங்கித் தேடினேன்.

அந்த எலி என் மேல் ஏதோ பழைய பகை வைத்திருக்கிறது. எங்கே போனாலும் கூடவே வருகிறது. சோறு இறங்கவில்லை. எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது.

மாப்பிள்ளை, உங்கள் கடிதம் கிடைத்தது. இலை விஷயம் படித்தேன். அதன் மேல் மழை எதுவும் படவில்லை.

சம்பத்


திருப்பதி
22 மே 2025

மாமா,

எலி பஸ் ஏறாது.

செருப்பைக் கழட்டுங்க. உள்ளங்காலைப் பாருங்க. விரலுக்கு நடுவுல பாருங்க. செருப்பையும் திருப்பி, அடியில ஆணி ஏறியிருக்கான்னு பாருங்க. ஈரமா இருக்கா? கறுப்பா இருக்கா? என்ன நிறமோ அப்படியே எழுதுங்க, கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். நாலு தடவை போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. செங்கமலம் அக்காவைப் போன் பண்ணச் சொல்லுங்க. இன்னிக்கே சித்தூர் போய்க் காட்டுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீங்க.

நான் தினம் மோந்து பாக்குற நாத்தம் மாமா இது. லெட்டர்லயே அடிக்குது.

தரணி


பங்காருபாளையம்
27 மே 2025

டாக்டர் தரணி அவர்களுக்கு, சுகம்.

எலி அகப்பட்டுவிட்டது. உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் சமாதி நிலையில் இருந்தது. நீளம் வாலை விட்டு நாலு முழம். மேளதாளத்தோடு எடுத்துப் போய் அடக்கம் செய்தோம். ஊரே வந்தது. கால் இரண்டும் தாமரைப் பூ மாதிரி இருக்கின்றன. நீ நிம்மதியாக விஜயவாடா போ. வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். பெட்டியைப் பிரித்து வை. குழந்தைக்கு ஒரு வீடு வேண்டும்.

கொஞ்ச நாளைக்கு எழுத மாட்டேன். சீசன், வேலை தலைக்கு மேல்.

சம்பத்

(அதே உறைக்குள் மடித்து வைத்த சீட்டு)

தரணி, நான் செங்கமலம். உன் மாமா லெட்டரைப் போஸ்ட் பண்ணச் சொல்லிக் குடுத்தாரு. பிரிச்சுப் படிச்சேன். அத்தனையும் புளுகு. எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் லெட்டர் வந்த அன்னிக்குக் கண்ணாடியைத் தரையில வச்சுக் காலைப் பாத்தாரு. புதுச் செருப்புல மாம்பெட்டி ஆணி ஏறிக் கெடக்கு. அந்த ஆணியோடயே எத்தனை நாள் நடந்தாரோ சாமிக்குத்தான் தெரியும். ரெண்டு விரல் கறுத்துப் போச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிப் பழைய வேட்டியைச் சுத்திக்கினு உட்கார்ந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்கு வான்னா அடிக்க வராரு. "வெளிய சொன்னா உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் வாயால சொல்லல, எழுதறேன். ஏன்யா இப்படிப் பண்றேன்னு கேட்டேன். "நான் சொன்ன வார்த்தைக்கு, இந்தக் காலை அவ கையில எப்படி நீட்டுவேன்?"ன்னாரு. சீக்கிரம் வா.


திருப்பதி
30 மே 2025

மாமாவுக்கு தரணி.

இதை யோகேஷ் கையில குடுத்து அனுப்புறேன். அடுத்த பஸ்ஸுல வராரு. படிச்ச கையோட அவர்கூட சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. டாக்டர்கிட்டப் பேசிட்டேன், கட்டில் சொல்லியாச்சு. எனக்கு இங்க நாளையோட முடியுது. ஒரு நாள் முன்னாடி விட்டா மூணு மாச அனுபவச் சர்ட்டிபிகேட் தர மாட்டாங்க. இல்லன்னா நானே இப்ப வந்திருப்பேன். ஸ்ரீஜாவை பத்மினி மாமி பாத்துக்கறேன்னுட்டாங்க.

விஜயவாடா வேணாம்னு சொல்லிட்டேன். சித்தூர் கேட்டு வாங்கிட்டேன். கால் புண் பிரிவுதான்.

நீங்க காலை நீட்ட வேணாம். நானே எடுத்துக்கறேன்.

தரணி


சித்தூர் ஆஸ்பத்திரி
17 ஜூன் 2025

தரணிக்கு,

நீ இதே மாடியில்தான் இருக்கிறாய். மாப்பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறேன். நேரில் சொன்னால் வாய் ஏதாவது விகடம் பண்ணிவிடும். கை அவ்வளவு பண்ணாது.

உடம்பு எப்படி என்று நீ என்னைக் கேட்க வேண்டியதில்லை, என்னைவிட உனக்குத் தெரியும். ரெண்டு விரல் போய்விட்டது. ரெண்டே ரெண்டு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவர் கூட்டிச் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை.

நீ வந்து முதல் கட்டைப் பிரித்தாயே, அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும். நீ வரும் வரை டாக்டர், நர்சு யாரையும் தொட விடாமல் அடம்பிடித்திருந்தேன், வேட்டித் துணி ஒட்டிக்கினு இருந்தது. நீ தண்ணீர் விட்டு விட்டு ஊறவைத்து எடுத்தாய். நாற்றம் எழும்பியது. பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளை ஜன்னலுக்குப் போனார். உதவிக்கு நின்ற ஆள் வெளியே ஓடினான். செங்கமலம் ஏற்கெனவே படியில் இருந்தாள். புண்ணிலிருந்து வெள்ளையாகப் புழு நெளிந்தது. எழுபதாயிரம் என்று எழுதக் கை வருகிறது. ஏழு. நீ இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாய், நான் எண்ணினேன். என் உடம்பில் இருந்தது, என்னையே துன்னுகினு இருந்தது. நான் வாந்தி எடுத்தேன். எலிக்காக அக்கம்பக்கத்தையெல்லாம் காறித் துப்பினவன் நான். அன்றைக்குத் துப்ப வேறு ஆள் கிடைக்கவில்லை.

முகமூடிக்கு மேலே உன் கண்ணு ரெண்டுதான் தெரிந்தது. அது சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சுருங்கவில்லை. "எலி மாட்டிக்கிச்சு மாமா" என்றாய். என் வாந்தியையும் நீதான் துடைத்தாய். எந்தக் கையால் என்று பார்த்தேன்.

மத்தியானம் தயிர்ச்சோறு பிசைந்து எடுத்து வந்தாய். "மந்தமா?" என்றாய். செவிடன் மாதிரி இருந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தை நன்றாகக் கேட்டது. நீ தட்டை வைத்துவிட்டுப் போனதும் வழித்துத் தின்றேன். உப்பு கம்மி.

நான் பந்தியில் சொன்னதை நீ மறக்க வேண்டாம். மறக்கச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உன் மாமன்
சம்பத்


பங்காருபாளையம்
3 ஆகஸ்ட் 2025

எட்டு விரல் சக்கரவர்த்தி சம்பத், சித்தூர் வாடகை வீட்டில் பெட்டி பிரிக்காமல் குடியிருக்கும் தன் பிரஜைகள் மூவருக்கும் அனுப்பும் ஆணை. இங்கே அனைவரும் நலம். பூனை திரும்ப வேலையில் சேர்ந்துவிட்டது.

மண்டியில் நேற்று இருபத்தாறு தரகர்களையும் வரிசையாக உட்கார வைத்து, ஒரே கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்க்க வைத்தேன். அத்தனை அசிங்கமான பாதங்களை இந்த ஜில்லா ஒரே இடத்தில் கண்டதில்லை. ரெண்டு பேருக்குப் புண். உன்னிடம் அனுப்பியிருக்கிறேன். "உங்க அக்கா மகள் கம்ப்யூட்டர்தானே பாக்குது?" என்றான் ஒருத்தன். "நர்சுடா. கால் புண்ணு பாக்குற நர்சு" என்றேன். மண்டிக் கூரை அதிர்ந்தது. இது மட்டும் கூட்டிச் சொல்லவில்லை, எனக்குக் காது கேட்காததால் எப்போதும் கத்தித்தான் பேசுகிறேன்.

இந்த மாசக் கடைசியில் அங்கே முடிகிறது, அடுத்து எந்த ஊரோ தெரியாது என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். நடுவில் நாலு நாள் இங்கே வருகிறீர்களாம். ஸ்ரீஜா "இது நம்ம வூடா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். தரணி, நீ டூட்டி முடிந்து யூனிபாரத்தோடு நேராக பஸ் ஏறினாலும் சரி. முதலில் சாப்பாடு, அப்புறம் குளியல். குளிக்க வேண்டுமானால் வீட்டுக்குள்ளே வந்துதான் குளிக்க வேண்டும், வேறு வழி வைக்கவில்லை. அதே பிளம்பரைக் கூப்பிட்டு வாசல் குழாயைப் பிடுங்கிவிட்டேன்.

அந்த இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கிறது. காலைப் பார்த்து வைத்து, உள்ளே வா.

சம்பத்